இரும்பின் வலிமையும் முறிவும்: மலையகத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அட்டனிலிருந்து கொட்டகலைக்கு வரும் புகையிரதப் பாதை சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்தே வருகின்றது. 1884இல் அட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் எட்டிய இப்பாதையில் 44 அடிக்கு ஓர் அடி என்னும் ஏற்றமும், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரையுடைய வளைவுகளும் உண்டு. இத்தகைய வளைவில் புகைவண்டியின் சில்லு தண்டவாளத்தின் பக்கத்தை ஓயாது தேய்க்கின்றது. தேய்வைத் தாங்க வேண்டுமாயின் தண்டவாளம் வன்மையானதாக இருத்தல் வேண்டும். ஆயின் மிக வன்மையான தண்டவாளம் ஒருநாள் சடுதியாக முறிந்துவிடக்கூடும். பாதையின் இருமருங்கும் உள்ள தோட்டங்களிலும் இதே பிரச்சினை வேறு வடிவிற் காணப்படுகின்றது. கவ்வாத்துக் கத்தியின் வாய் மழுங்காதிருத்தல் வேண்டும்; முற்றிய தேயிலைத் தண்டில் விழும்போது பல்லுடைந்து போகாதிருத்தலும் வேண்டும். கல்லில் மோதும் மண்வெட்டிக்கும், பாறையை நெம்பும் அலவாங்குக்கும் இது பொருந்தும்.

வலிமை, முறிவைத் தாங்கும் திறன் என்னும் இவ்விரு பண்புகளையும் ஒரே இரும்பில் ஒருங்கே பெறுவதெங்ஙனம் என்பது உலோகவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. இரும்புடன் எம்மூலகத்தை எவ்வளவிற் சேர்த்தால் அது என்னவாகும் என்ற அறிவு கடந்த 200 ஆண்டுகளில் மேனாட்டு ஆய்வுகூடங்களில் வளர்ந்ததாகவே பொதுவாக எழுதப்படுகின்றது. இக்கூற்று முற்றிலும் தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. இலங்கையின் மத்திய மலைநாட்டுச் சரிவுகளிலும் சேலம் முதலிய தமிழகப் பகுதிகளிலும் உலைகளை இயக்கியோர் இவ்வறிவின் வரலாற்றில் எங்கு நிற்கின்றனர்? அவர்களது இரும்பு ஏன் மறைந்தது? அவ்விடத்தை நிரப்பிய இரும்பு எத்தகையது? இவ்வினாக்களை இயற்கை விஞ்ஞானத்தின் துணையோடும் சமூக வரலாற்றின் துணையோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வலிமையும் தாங்குதிறனும்

முதலில் இவ்விரு பண்புகளையும் வேறுபடுத்திக் கொள்ளல் அவசியம். ஒரு பொருள் நிரந்தரமாக உருமாறாமல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதே அதன் வலிமை. அதில் ஏற்கெனவே ஒரு கீறலோ வெடிப்போ இருக்குமாயின், அவ்வெடிப்புப் பரவி அது முறிவதற்கு எவ்வளவு சக்தி செலவாக வேண்டும் என்பது அதன் முறிவுத் தாங்குதிறன். கண்ணாடி குறிப்பிடத்தக்க வலிமை உடையது. தாங்குதிறனோ மிகச் சொற்பம். ஈயம் எளிதில் வளையும், ஆயின் நொறுங்காது. 1901இல் பிரான்சியப் பொறியியலாளர் சார்ப்பி, வெட்டிட்ட சிறு உலோகத் துண்டொன்றை ஊசற் சம்மட்டியால் அடித்து முறித்து, அதற்குச் செலவான சக்தியை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1920ஆம் ஆண்டளவில் கிரிபித், வெடிப்பு ஏன் பரவுகிறது என்பதற்குச் சக்தி அடிப்படையில் விளக்கம் தந்தார். வலிமையையும் தாங்குதிறனையும் தனித்தனியே எண்ணிக் கணக்கிடும் வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

தூய இரும்பு மென்மையானது. அதன் பளிங்குகளில் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கிச் செல்லும். இவ்வழுக்கலைத் தடுப்பனவெல்லாம் இரும்பை வலுப்படுத்துவன. காபன் அணு சிறியது. இரும்பணுக்களின் இடைவெளிகளில் நுழைந்து வழுக்கலைத் தடுக்கின்றது. மேலதிகக் காபன் இரும்புடன் சேர்ந்து இரும்புக் காபைட்டு என்னும் மிக வன்மையான சேர்வையாகின்றது. நூற்றுக்கு 0.1 பங்கிலும் குறைந்த காபனையுடையது தேனிரும்பு. ஏறத்தாழ 2 பங்குவரை கொண்டது உருக்கு. அதற்கு மேற்பட்டது வார்ப்பிரும்பு. காபன் கூடக்கூட வன்மை மிகுகின்றது. நொறுங்குதன்மையும் அதனுடனேயே மிகுகின்றது. பெரும்பாலான மூலகங்களின் நிலையும் இதுவே. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க நேர்கிறது.

இவற்றுள் இரு மூலகங்கள் வரலாற்றிற் பெருந்தொல்லை தந்தவை. கந்தகம் இரும்புடன் சேர்ந்து தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் இரும்புச் சல்பைட்டை உண்டாக்குகின்றது. இது பளிங்குகளின் எல்லைகளிற் படிவதால், காய்ச்சி அடிக்கும்போதே இரும்பு பிளந்து சிதறும். பொசுபரசு இதற்கு மாறானது. அது இரும்பைக் கணிசமாக வலுப்படுத்தும். ஆயின் குளிர்ந்த நிலையில் முறியச் செய்யும். இரும்பு வளைந்து கொடுக்கும் நிலையிலிருந்து நொறுங்கும் நிலைக்கு மாறும் வெப்பநிலையைப் பொசுபரசு உயர்த்திவிடுகின்றது என்பதே இதன் காரணம்.

இழப்பின்றிப் பெறக்கூடிய வழிகளும் சிலவுள. மங்கனீசு கந்தகத்தைத் தன்னுடன் பிணைத்து, பளிங்கெல்லையிற் பரவாத தனித் துணிக்கைகளாக்கிவிடுகின்றது. ஒட்சிசனையும் அகற்ற உதவுகின்றது. நிக்கல் குளிரிலும் தாங்குதிறனைக் காக்கின்றது. வனேடியம், நையோபியம் போன்றவை மிகச் சிறு அளவிலேயே நுண்ணிய காபைட்டுகளை உண்டாக்கிப் பளிங்குகள் பெருக்காமல் தடுக்கின்றன. பளிங்கின் மணிகள் நுண்ணியனவாயின் வலிமை, தாங்குதிறன் ஆகிய இரண்டுமே உயரும் என்பதை 1951இல் ஹோலும் 1953இல் பெற்சும் எடுத்துக்காட்டினர். இற்றைப் பாலங்களுக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் பயன்படும் உருக்குகளின் அடிப்படை இதுவே.

2. மலைச்சரிவின் உலைகள்

இவ்வடிப்படைகளை மனங்கொண்டு நம் நாட்டின் உலைகளை நோக்குவோம். சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்படுமுன் அப்பகுதியில் நடந்த தொல்லியல் ஆய்வுகளின்போது, பலாங்கொடைக்கு அப்பாலுள்ள மலைச்சரிவுகளில் மேற்கு நோக்கி அமைந்த இரும்புருக்கும் உலைகள் இருந்த 70க்கு மேற்பட்ட இடங்களை ஜில்லியன் ஜூலெப் அடையாளங் கண்டார். அவற்றின் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையெனக் கணிக்கப்பட்டது. 1994இல் அவ்வடிவிலேயே உலைகளை அமைத்து இயக்கிப் பார்த்த அவர், 1996இல் முடிவுகளை வெளியிட்டார்.

அவ்வுலைகளுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேற் பருவக்காற்றே அவற்றை இயக்கியது. சரிவின் விளிம்பில் நீண்ட முன்சுவருடன் அமைந்த உலையின் மேலாகப் பலத்த காற்று விரைந்து செல்லும்போது, முன்சுவருக்கு அப்பால் அமுக்கம் குறைகின்றது. அமுக்க வேறுபாட்டினால் அடியிலுள்ள துளைகளின் வழியே காற்று உள்ளிழுக்கப்படுகின்றது. கொட்டகலையில் மழையாகப் பொழியும் அதே பருவக்காற்றே மலைமுகடுகளைத் தாண்டி ஈரமிழந்து, ஆனி, ஆடி மாதங்களில் அச்சரிவுகளில் வறண்ட பெருங்காற்றாக வீசுகின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வெறுங்காற்றைக் கொண்டு வேண்டிய வெப்பத்தைப் பெறல் அரிது என முன்னர் நிலவிய கருத்தை இப்பரிசோதனைகள் மாற்றின. அதற்கு மேலாக, அவ்வுலைகளில் தேனிரும்பு மட்டுமன்றி உயர்காபன் உருக்கும் நேரடியாகவே கிடைத்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூலெழுதிய அராபிய அறிஞர் அல்கிந்தி, செரந்தீப் உருக்கைத் தனியே குறிப்பிட்டுள்ளார். அக்குறிப்பும் உலைகளின் காலமும் ஒன்றிவருகின்றன. ஆகவே இவ்வுருக்கு இந்து சமுத்திர வாணிகத்தில் இடம்பெற்ற பண்டமாக இருந்தது என்று கொள்வதில் தடையில்லை. பருவக்காற்று வீசும் சில மாதங்களுக்குள் சுரங்கமண், கரி, உலைக்களிமண் யாவற்றையும் ஆயத்தஞ் செய்து பெருமளவில் உருக்கியோர் யார், அவர்கள் எவர்க்கு இறையளித்தனர், விளைபயன் எவர் கைக்குச் சென்றது என்ற வினாக்களுக்கு உலைகளின் இடிபாடுகள் விடை கூறா. ஆயின் அவ்வினாக்களை எழுப்பாது தொழினுட்பச் சிறப்பை மட்டும் புகழ்வது வரலாறாகாது.

3. மூசையும் ஆவாரங் குச்சியும்

மற்றொரு வழி மூசை உருக்கு. தேனிரும்புத் துண்டுகளையும் உலர்ந்த மரத்துண்டுகளையும் களிமண் மூசையிலிட்டு, வாயை அடைத்து, துருத்தி கொண்டு பல மணிநேரம் காய்ச்சுவர். மரம் கரியாகி அதன் காபன் இரும்பினுட் புகும். காபன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை தாழும். முடிவில் மூசையினுள் உருகிய உருக்கு ஆறிக் கட்டியாகும். சேலம் பகுதியிலும் இலங்கையிலும் இதற்கு ஆவாரை மரமே விரும்பிக் கொள்ளப்பட்டது. தமிழகத்தில் மேல்சிறுவலூரில் இத்தகைய மூசைகளின் எச்சங்களைச் சாரதா சிறீனிவாசன் ஆராய்ந்துள்ளார். கொடுமணல் அகழ்வாய்வும் இரும்புருக்கல் பற்றிய சான்றுகளைத் தந்துள்ளது. மயிலாடும்பாறையின் இரும்புக்குரிய காலம் கி.மு. 2172 எனத் தமிழ்நாட்டு அரசு 2022இல் அறிவித்தது. அதன்பின் இத்துறை ஆய்வுகள் புத்துயிர் பெற்றுள்ளன.

இலங்கையில் இத்தொழிலைக் கண்ணாற்கண்டு எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராகவே நாம் அவரை அறிவோம். அவர் முதலிற் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தை நெறிப்படுத்தியவர். பலாங்கொடைப் பகுதியில் இரும்புருக்குதலையும் மூசை உருக்குச் செய்தலையும் அறிந்த இறுதித் தலைமுறையினரைத் தேடிச் சென்று, அவர்களைக் கொண்டு அத்தொழிலைச் செய்வித்துப் பார்த்துத் தம் 1908ஆம் ஆண்டு நூலில் விரிவாகப் பதிவு செய்தார். அப்பொழுதே அது ஏறக்குறைய அழிந்த தொழிலாகிவிட்டது.

மூசை உருக்கிற் காபன் நூற்றுக்கு 1 முதல் 2 பங்குவரை இருக்கும். இற்றைப் பாடநூலின்படி இது மிகவும் நொறுங்கக்கூடிய உருக்கு. அவ்வாறாயின் அதனாற் செய்த வாள் எவ்வாறு முறியாதிருந்தது? விடை இரு பகுதிகளை உடையது. முதலாவது, மரக்கரியில் கந்தகம் அநேகமாக இல்லை. எனவே காய்ச்சியடித்தலைக் கெடுக்கும் முதற் பகை அங்கு இல்லை. இரண்டாவது, கொல்லன் அதனைச் சிவந்த நிலையில் மட்டும், பொறுமையாக, பலமுறை காய்ச்சி அடித்தான். இதனால் வலைப்பின்னல் போன்றிருந்த காபைட்டு உடைந்து, சிறு உருண்டைகளாகி, மென்மையான தளத்தில் வரிசையாகப் பரவியது. வன்மை காபைட்டிலிருந்தும் தாங்குதிறன் அதன் இடையிலுள்ள இரும்பிலிருந்தும் வந்தன. ஐரோப்பியக் கொல்லர் பலர் தம் வழக்கப்படி வெண்சூட்டிற் காய்ச்சி அடித்தபோது அதே உருக்கு நொறுங்கிப் போயிற்று. உயர்காபன் உருக்கு அவ்வெப்பத்திற் பகுதியளவில் உருகத் தொடங்குவதே இதன் காரணம். பொருள் ஒன்றே, அதைக் கையாளும் அறிவே வேறு.

1998இல் வெர்கோவனும் அவர்தம் குழுவினரும், பழைய வாள்களின் அலைவரிகளுக்கு நூறில் ஒரு பங்கின் சிறு கூறளவிலான வனேடியமே காரணமெனக் கூறினர். அது சுரங்கமண்ணிலிருந்து தானாக வந்தது. அக்கொல்லருக்கு வனேடியம் என்ற பெயர் தெரியாது. எந்த இடத்து மண் நல்ல உருக்கைத் தரும் என்பது தெரிந்திருந்தது. இவ்வறிவைப் பெயரற்ற அறிவு எனலாம். அறிவே அன்று என்று கூறல் பொருந்தாது.

4. ஒரு சொல் சென்ற வழி

1794இல் பம்பாயிலிருந்து வைத்தியர் ஸ்கொற் என்பார் இவ்வுருக்குக் கட்டிகளை இலண்டன் றோயல் சங்கத் தலைவர் பாங்ஸுக்கு அனுப்பினார். 1795இல் பியர்சன் இதனை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் 'வூட்ஸ்' என்னும் பெயர் முதன்முதல் அச்சேறியது. கன்னடம், தெலுங்கு ஆகியவற்றின் 'உக்கு' என்பதன் திரிபே இது என்பது பெரும்பாலோர் கருத்து. அது தமிழின் 'உருக்கு' என்பதோடு உறவுடையது. சொல் சிதைந்து சென்றதுபோலவே அதன் பின்னணியிலிருந்த மனிதரும் மறைந்து சென்றனர்.

இவ்வுருக்கே மைக்கல் பரடேயைக் கலப்புருக்கு ஆய்வுக்கு ஈர்த்தது. கொல்லன் ஒருவனின் மகனாகிய பரடே, 1819 முதல் 1822 வரை கத்தி செய்வோராகிய ஸ்ரோடாட்டுடன் இணைந்து, இரும்புடன் வெள்ளி, பிளாற்றினம், நிக்கல், ரோடியம், குரோமியம் முதலியவற்றைக் கலந்து ஆராய்ந்தார். வூட்ஸின் சிறப்புக்கு அலுமினியமே காரணம் என அவர் எண்ணியது பிழை. எனினும் மூலகங்களைத் திட்டமிட்டுக் கலந்து ஆராயும் துறை அப்பிழையான எடுகோளிலிருந்தே பிறந்தது. வூட்ஸின் இயல்புக்கு உயர்ந்த காபன் அளவே காரணம் என்பதை 1804-05 அளவில் டேவிட் மஷெற்றும், 1823இல் பிரான்சின் பிறியானும் உணர்ந்திருந்தனர்.

பரடே பணியாற்றியது ஹம்பிரி டேவியின் உதவியாளராக. டேவியின் தம்பி ஜோன் டேவி, 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராக இருந்தவர். 1821இல் வெளியிட்ட தம் நூலில் கண்டிப் பிரதேசத்து இரும்புலைகளை விவரித்தவர். அவருக்கு முன்னரே 1681இல் றொபேட் நொக்ஸ் அதே தொழிலைப் பற்றி எழுதியிருந்தார். ஆகவே, அண்ணன் ஆய்வுகூடத்தில் இந்திய உருக்குப் பகுக்கப்பட்ட அதே ஆண்டுகளில், தம்பியின் குறிப்பேட்டில் இலங்கையின் உலை வரையப்பட்டிருந்தது. ஒன்று விஞ்ஞானமாக வளர்ந்தது; மற்றது பயணக்குறிப்பாக எஞ்சியது. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது அறிவின் தரமன்று. அரசியல் அதிகாரமும் மூலதனமும் எங்கிருந்தன என்பதே.

5. பரங்கிப்பேட்டையும் மங்கனீசும்

ஜோசையா மார்ஷல் ஹீத்தின் கதை இவ்விரு உலகங்களையும் ஒருங்கே காட்டுவது. கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைச் சேவையிலிருந்த அவர், ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையை 1825இற் பெற்று, 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் ஆலையை நிறுவினார். சேலத்து இரும்புமண்ணும் காட்டு மரக்கரியுமே அதன் மூலப்பொருள்கள். கரி வழங்கலும் மூலதனமும் நெருக்கடிக்குள்ளாகி, அம்முயற்சி 1860களில் முற்றாக நின்றது. அதற்குள் ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பெற்றார். உருக்கு உருகும் மூசையில் மங்கனீசுக் காபைட்டைச் சிறிதளவு சேர்த்தால், மட்டமான ஆங்கில இரும்பிலிருந்தும் நன்கு அடித்து இணைக்கத்தக்க உருக்குக் கிடைக்கும் என்பதே அது.

ஷெபீல்ட் உற்பத்தியாளர் இதனாற் பேரிலாபம் அடைந்தனர். மூசையில் மங்கனீசு ஒட்சைட்டையும் நிலக்கரித் தாரையும் தனித்தனியே இட்டுக் காபைட்டை அங்கேயே உண்டாக்கினால் காப்புரிமை மீறப்படாது என்று வாதித்தனர். நீண்ட வழக்குகளில் உழன்ற ஹீத் 1851இல் வறுமையில் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பும் அவர் பக்கம் இருக்கவில்லை. 1856இல் பெசமர் முறை வந்தபோது அதன் உருக்கும் மங்கனீசின்றிப் பயன்படவில்லை. டேவிட் மஷெற்றின் மகன் றொபேட் மஷெற் மங்கனீசுள்ள வார்ப்பிரும்பைச் சேர்த்தே அதனைச் சீர்செய்தார். 1857இல் டார்பியில் இடப்பட்ட முதல் உருக்குத் தண்டவாளம், சில மாதங்களில் மாற்றப்பட வேண்டியிருந்த இரும்புத் தண்டவாளத்தின் இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. மலைநாட்டுக்குப் பாதை வந்த காலத்தில் உலகெங்கும் உருக்கே தேனிரும்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஹீத் மங்கனீசின் பயனைச் சேலத்துக் கொல்லரிடம் கற்றார் எனக் கூறச் சான்றில்லை. அவ்வாறு கூறல் பெருமைக்காக வரலாற்றை வளைப்பதாகும். உண்மை இதைவிடச் சுவையானது. சேலத்துக் கொல்லருக்கு மங்கனீசு தேவைப்படவேயில்லை. பிரித்தானியாவில் காடுகள் குறைந்து, நிலக்கரிக் கற்கரியால் இரும்பு உருக்கியபோது கந்தகம் இரும்பினுட் புகுந்தது. அக்கந்தகத்தைப் பிணைப்பதற்கே மங்கனீசு இன்றியமையாததாயிற்று. மரக்கரியில் உருக்கிய இரும்புக்கு அந்நோயும் இல்லை, அம்மருந்தும் வேண்டியதில்லை.

6. ஷெபீல்டின் மேசையில் சிகிரியாவின் உளி

இக்கருத்துக்கு அரிய சான்றொன்று உண்டு. மங்கனீசு உருக்கின் தந்தை எனப் புகழப்படும் சேர் றொபேட் ஹட்பீல்ட் ஷெபீல்டைச் சேர்ந்தவர். 1882இல் அவர் கண்ட உருக்கு விந்தையானது. மங்கனீசு 4 முதல் 6 பங்குவரை சேர்ந்தால் உருக்குச் சம்மட்டியடியிலேயே தூளாகும். 12 அல்லது 13 பங்கு சேர்ந்தாலோ உலகின் மிகத் தாங்குதிறன் வாய்ந்த உருக்குகளுள் ஒன்றாகும். மற்ற உருக்குகள் நீரில் தோய்த்தால் வன்மையடைந்து நொறுங்கும். இதுவோ தோய்த்தால் மென்மையும் தாங்குதிறனும் பெறும். பின்னர் அடிபட அடிபட மேற்பரப்பு மட்டும் வன்மையாகும். கல்லுடைக்கும் இயந்திரங்களின் தாடைகளுக்கும் புகையிரதப் பாதைகள் குறுக்கிடும் கடவைகளுக்கும் இன்றும் இதுவே பயன்படுகின்றது. ஒரு மூலகத்தின் பயனை 'கூட்டினால் நன்று, குறைத்தால் தீது' என நேர்கோட்டிற் கணிக்க முடியாது என்பதை இக்கண்டுபிடிப்பு தெளிவாக்கியது.

அதே ஹட்பீல்ட் கொழும்பு நூதனசாலையிலிருந்து பெற்ற பழைய இரும்புப் பொருள்களை ஆராய்ந்து 1912இல் றோயல் சங்க இதழில் கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் சிகிரியாவில் எடுக்கப்பட்ட, கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்குரியதெனக் கருதப்பட்ட உளியும் ஒன்று. அவ்விரும்பிற் கந்தகம் மிகமிகச் சொற்பம், மங்கனீசு இல்லை, பொசுபரசு கணிசமாக இருந்தது. உளியின் மேற்பரப்பிற் காபன் ஏற்றப்பட்டு, தோய்ச்சலும் கொடுக்கப்பட்டிருந்தமைக்கான அறிகுறிகளையும் அவர் கண்டார். உள்ளே வளைந்து கொடுக்கும் இரும்பு, வெளியே கல்லை வெட்டும் உருக்கு. வலிமையையும் தாங்குதிறனையும் ஒரே துண்டில் இணைத்தற்குரிய வழியை அப்பெயரறியாக் கொல்லன் கண்டிருந்தான்.

பொசுபரசைப் பற்றியும் ஒரு குறிப்பு. குளிர்நாட்டில் இத்தகைய இரும்பு பனிக்காலத்தில் முறியும் அபாயமுடையது. சிகிரியா போன்ற வெப்பப் பிரதேசத்தில் அவ்வபாயம் குறைவு. பொசுபரசு தரும் மேலதிக வலிமையோ முழுவதும் கிடைக்கும். தில்லி இரும்புத்தூணின் துருவெதிர்ப்புக்கும் அதிலுள்ள பொசுபரசே முக்கிய காரணமென ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியுள்ளார். ஆகவே ஓர் இரும்பு நல்லதா தீயதா என்பதை அதன் வேதியியற் கூட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த நாட்டில், எந்த எரிபொருளால், எத்தொழிலுக்கு என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கந்தகமும் பொசுபரசும் மிகுந்த 1912ஆம் ஆண்டின் 'டைற்றானிக்' உருக்கு உறைகுளிர் நீரில் நொறுங்குதன்மை அடைந்தமையும், 1940களில் அமெரிக்காவின் 'லிபேட்டி' கப்பல்கள் குளிர்கடலில் வெடித்துப் பிளந்தமையும் இதே உண்மையை மறுதலையாக உணர்த்துகின்றன.

7. தோட்டத்தின் இரும்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டின் உற்பத்தி உறவுகள் அடியோடு மாறின. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்குத் திறந்துவிட்டது. காடின்றிக் கரியில்லை, கரியின்றி உலையில்லை. அதே கப்பல்களில் மலிவான பிரித்தானிய இரும்பு வந்திறங்கியது. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. உலைத்தொழில் தொழினுட்பப் போட்டியில் தோற்றது எனக் கூறுவோர், அப்போட்டியின் களத்தை அமைத்தவர் எவரென்பதை மறந்துவிடுகின்றனர்.

இத்தோட்டங்களுக்குத் தொழிலாளராக அழைத்துவரப்பட்டோர் சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை முதலிய பகுதியினர். அவர்களுட் சிலர் இரும்பு உருக்கும் ஊர்களை அறிந்தோராகவே இருந்திருத்தல் கூடும். ஆயின் தோட்டம் அவர்களிடம் வேண்டியது உடலுழைப்பை மட்டுமே. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது இறக்குமதியான கருவி. பேர்மிங்ஹாமின் கருவி செய்வோர் 'மமோட்டி' என்ற பெயரிலேயே அதனை ஏற்றுமதி செய்தனர். நம் 'மண்வெட்டி'யின் சிதைவே அது. 'உருக்கு' என்னும் சொற்குடும்பம் வூட்ஸாகச் சென்றது பொருளோடு. 'மண்வெட்டி' மமோட்டியாகத் திரும்பியது விலையோடு. நம்மிடமிருந்து உருக்கு ஏற்றுமதியான காலத்துக்கும் நமக்கு மண்வெட்டி இறக்குமதியான காலத்துக்கும் இடைப்பட்ட மாற்றத்தை இவ்விரு சொற்களுமே சுட்டிவிடுகின்றன. சுதந்திரத்தின் பின் 1960களில் சோவியத் உதவியுடன் ஒறுவலையில் அமைந்த அரசாங்க உருக்கு ஆலையும் இறக்குமதிப் பாளங்களை உருட்டுவதையே முதன்மையாகக் கொண்டது. 1996இல் அதுவும் தனியார் கைக்கு மாறியது.

எனினும் அறிவு முற்றாக அற்றுப்போகவில்லை. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிப் பதமிடும் கொல்லன், தோய்த்த கத்தியை மீண்டும் மெல்லச் சூடேற்றி, அதன் முகத்தில் இளமஞ்சள், கபிலம், ஊதா, நீலம் என மாறிவரும் நிறங்களை நோக்குகின்றான். இளமஞ்சள் ஏறக்குறைய 230 பாகை. நீலம் ஏறக்குறைய 300 பாகை. மஞ்சளில் நிறுத்தினால் வாய் வன்மையாகும், ஆயின் எளிதிற் பல்லுடையும். நீலம்வரை விட்டால் தாங்குதிறன் மிகும், வாய் விரைவில் மழுங்கும். வெப்பமானியின்றி, ஒரு நிறத்தின் நொடியிற் கைவிரைந்து நீரிலிடும் அச்செயலில், கிரிபித்தும் சார்ப்பியும் எண்களாற் கூறிய சமரசமே நிகழ்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, இரும்புடன் மூலகங்களைச் சேர்க்கும் அறிவின் வரலாறு எரிபொருளின் வரலாற்றோடும், எனவே காட்டின் வரலாற்றோடும் காணி உரிமையின் வரலாற்றோடும் பிணைந்தது. மங்கனீசின் எழுச்சி கற்கரியின் விளைவு. கற்கரியின் எழுச்சி கைத்தொழிற் புரட்சியின் விளைவு. இரண்டாவது, நம் முன்னோரின் உருக்கை மந்திரம்போற் போற்றுவதும், அதைத் தற்செயலெனத் தள்ளுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டுமே அதன் பின்னாலிருந்த உழைப்பையும் பயிற்சியையும் மறைக்கின்றன. மூன்றாவது, அவ்வுலைகளை இயக்கியோர் சிங்களக் கிராமத்தவராயினும், அவ்வுருக்கின் உறவினமான சேலத்து மூசையை இயக்கியோர் தமிழராயினும், அவர்களது தொழில் ஒரே காலனித்துவப் பொருளாதாரத்தின் கீழேயே நலிந்தது. இன்றைய இனப்பெருமைகளுக்காக அவர்களை இரு கூறாக்குவது அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும்.

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாறு பரவலாக நினைவுகூரப்பட்டது. அவ்வரலாற்றைப் பெரும்பாலும் கப்பற் பதிவுகளிலும் தோட்டக் கணக்குகளிலும் சட்டங்களிலும் தேடுகின்றோம். தேய்ந்த மண்வெட்டியும், பலமுறை வாய்வைத்த கவ்வாத்துக் கத்தியும், லயத்தின் மூலையிற் கிடக்கும் அலவாங்கும் அதன் ஆவணங்களே. ஒரு துண்டு இரும்பை அறுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், அது எந்நாட்டில் உருகியது, எக்கரியில் வெந்தது, எத்தனை முறை பட்டறைக்குச் சென்றது என்பவற்றை ஓரளவு அறியலாம். கொட்டகலை முதலாய தோட்டப் பகுதிகளில் இத்தகைய பழங்கருவிகளைத் திரட்டுவதும், எஞ்சியுள்ள கொல்லரின் சொற்களையும் செய்முறைகளையும் பதிவு செய்வதும் நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் பொறியியற்றுறைகளும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும். குமாரசுவாமி பலாங்கொடைக்குச் சென்றபோது சிலரே எஞ்சியிருந்தனர். நாம் தாமதித்தால் அச்சிலரும் இரார்.